எரியாத பல்பும் எரிச்சலான வாசகர்களும்: கேள்வி – பதில்

போன இதழில் "எல்இடி விளக்கு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று ஒரே ஒரு வரி போட்டோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான், சீக்கிரம் போய்விடுகிறது என்று. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெட்டியில் 25,000 மணி நேரம் என்று போட்டிருந்தது. எட்டு மாதத்தில் பல்பு போய்விட்டது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தது ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. பொய் சொல்கிறார்களா சார்?
– வாசகர், திண்டுக்கல்

பொய் என்று சொல்லிவிட முடியாது, முழு உண்மையும் இல்லை. ஒரு நாளைக்கு 6 மணி நேரம் எரித்தால் 25,000 மணி நேரம் என்பது 11 வருஷத்துக்கு மேல் வரும். ஆனால் பெரும்பாலும் அந்தக் கணக்கு எல்இடி சிப்புகளை வைத்துப் போடுவது, அவற்றின் வெளிச்சம் புதிதில் இருந்ததில் 70 சதவீதமாக இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்று. பல்புக்குள் சிப் மட்டுமா இருக்கிறது? வீட்டுக்கு வரும் 230 வோல்ட் ஏசியை டிசியாக்கி, சிப்புக்குத் தேவையான மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் என்ற சின்ன போர்டும் இருக்கிறது. முதலில் மண்டையைப் போடுவது பல சமயம் அந்த போர்டுதான்.

அதில் ஒரு எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் இருக்கும், சுண்டு விரல் நுனி அளவு உருளை. அதன் உள்ளே இருப்பது ஈரமான வேதிப்பொருள், சூட்டில் மெல்ல மெல்லக் காய்ந்துபோகும். கெபாசிட்டர் மேல் "105 டிகிரி" என்று போட்டு, அதன் விவரத்தாளில் ஆயுள் 2,000 மணி நேரம் என்று இருந்தால், அந்த 105 டிகிரிச் சூட்டிலேயே வைத்திருந்தால் அவ்வளவுதான் என்று அர்த்தம். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் சுமாராக இரட்டிப்பாகும் என்பது எல்லாரும் பயன்படுத்துகிற கணக்கு. 85 டிகிரியில் 8,000 மணி, 65 டிகிரியில் 32,000 மணி. இப்போது நீங்களே சொல்லுங்கள், காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவைக்குள், மே மாதத்தில், தளத்தை ஒட்டித் தலைகீழாகத் தொங்கும் 12 வாட் பல்பின் கழுத்துக்குள் எவ்வளவு சூடு இருக்கும்? நீங்கள் இரண்டு தடவையும் ஒரே ஹோல்டரில்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். குடுவையைக் கழற்றிவிட்டு ஒன்று போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் 7 வாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும் அதோடு 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பல்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐஎஸ் 16102 என்ற தரம் இந்தப் பல்புகளுக்கு உரியது, பதிவு கட்டாயம். தெருவோரத்தில் கூவி விற்கும் பல்பில் அது இருக்காது, அதைத் திறந்து பார்த்தால் ஃபியூஸுக்குப் பதில் ஒரு கம்பித்துண்டு இருப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் ஐடிஐ எலக்ட்ரீஷியன் மாணவன். போன பல்பைத் திறந்தால் ஒரு சிப்பில் மட்டும் கறுப்புப் புள்ளி தெரிகிறது. அதன் இரண்டு முனைகளையும் சால்டர் வைத்து இணைத்துவிட்டால் பல்பு மறுபடி எரிகிறது. நண்பர்களுக்கு இப்படி இருபது பல்பு சரிசெய்து கொடுத்தேன், சில ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டன. ஏன்?
– மாணவர், மதுரை

முதலில் சபாஷ், குப்பைக்குப் போவதை மீட்கிறீர்கள். நீங்கள் செய்வது சரிதான், ஆனால் எல்லாப் பல்புக்கும் சரி இல்லை. சிப்புகள் எல்லாம் சரம் கோத்த மாதிரி தொடராக இருப்பதால் ஒன்று அறுந்தால் மொத்தமும் அணைந்துவிடும், நீங்கள் குறுக்கே இணைத்ததும் சரம் மறுபடி முழுமையாகிவிடும். இதுவரை சரி. அப்புறம் என்ன ஆகும் என்பது டிரைவர் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

போர்டில் காயில், அதாவது கம்பிச் சுருள், ஒன்று இருந்தால் அது சுவிட்சிங் வகை. சரத்தில் எத்தனை சிப் இருந்தாலும் அது மின்னோட்டத்தை அதே அளவில்தான் கொடுக்கும். உதாரணத்துக்கு 9 வோல்ட் சிப் ஒன்பது இருந்தால் 81 வோல்ட், ஒன்றைக் கழித்தால் 72 வோல்ட், அது பாட்டுக்குச் சரிக்கட்டிக்கொள்ளும். வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். இந்த வகைப் பல்புகள் உங்களிடம் திரும்பி வந்திருக்காது.

காயிலே இல்லாமல், சிப் ஒட்டியிருக்கும் அதே அலுமினியத் தட்டில் ஒரு சின்ன ஐசி மட்டும் உட்கார்ந்திருந்தால் அது லீனியர் வகை, கடைக்காரர்கள் டிஓபி (டிரைவர் ஆன் போர்டு) என்பார்கள். இதில் மின்சாரத்தின் உச்ச வோல்டேஜுக்கும் சிப் சரத்தின் வோல்டேஜுக்கும் உள்ள வித்தியாசத்தை ஐசி தன் மேல் தாங்கிச் சூடாகவே கரைக்கிறது. 18 வோல்ட் சிப் ஒன்றைத் தாண்டி இணைத்தீர்கள் என்றால், 35 மில்லிஆம்பியர் ஓடும்போது 0.6 வாட் கூடுதலாக அந்தக் கடுகளவு ஐசி தலையில் விழுகிறது. மூன்று சிப்பைத் தாண்டினால் கிட்டத்தட்ட 1.9 வாட். ஐசி சூடு தாங்காமல் தானே மின்னோட்டத்தைக் குறைத்து மங்கும், இல்லை மொத்தமாகப் போகும். அதனால் இந்த வகையில் இணைக்காதீர்கள், பழைய பல்பிலிருந்து அதே வோல்டேஜ் சிப்பைப் பெயர்த்து மாற்றுங்கள். ஒரு சிப்பின் வோல்டேஜ் 3, 6, 9, 18 என்று பல விதமாக இருக்கும், அளந்து பார்க்காமல் மாற்ற வேண்டாம்.

நான் கூடவே செய்கிற ஒரு வேலை இருக்கிறது. ஐசிக்குப் பக்கத்தில் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் சின்ன ரெசிஸ்டர்கள் பெரும்பாலும் இரண்டு இணையாக இருக்கும். அவற்றில் மதிப்பு அதிகமாக உள்ள ஒன்றைக் கழற்றினால் மின்னோட்டம் கொஞ்சம் இறங்கும், வெளிச்சமும் கொஞ்சம் குறையும், சூடு நன்றாகவே குறையும். ஒரு சிப் கருகிய பல்பில் மற்ற சிப்புகளும் அதே சூட்டில் வாடியவைதானே, இதைச் செய்யாமல் விட்டால் அடுத்த கறுப்புப் புள்ளி தயாராகிக்கொண்டிருக்கும்.

கடைசியாகக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும் தம்பி. இந்தப் பல்புகளில் பெரும்பாலானவற்றில் ட்ரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு கிடையாது, மேல் மூடியைக் கழற்றிவிட்டால் சிப்பின் ஒவ்வொரு முனையும் கரண்ட் கம்பிதான். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை நிற்கலாம். ஸ்க்ரூ டிரைவரை வைத்துப் பட்டென்று தட்டாமல், 10 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டரைச் சில நொடி குறுக்கே பிடித்து இறக்குங்கள். சோதிக்கும்போது குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்ட சீரிஸ் போர்டில் மட்டும் எரியவிடுங்கள்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் படுக்கையறை பல்பு இரவெல்லாம் மங்கலாக ஒளிர்கிறது. சில நேரம் பளிச் பளிச்சென்று மின்னுகிறது. மாமியார் அந்த அறையில் படுக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?
– வாசகி, தேனி

பேய் இல்லை என்று அத்தையிடம் தைரியமாகச் சொல்லுங்கள். குண்டு பல்பு இருந்த காலத்திலும் இந்தக் கசிவு இருந்தது, ஆனால் அதற்கு அது போதாது, எரியவில்லை. எல்இடிக்கு ஒரு மில்லிஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் இருட்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒளிர்ந்துவிடும்.

கசிவு வரும் வழிகள் மூன்று. சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் விளக்கு இருந்தால், அணைத்த நிலையில் அந்த விளக்கின் மின்னோட்டம் உங்கள் பல்பு வழியாகத்தான் சுற்றி வருகிறது. டிரைவரில் உள்ள கெபாசிட்டர் அதைத் துளித்துளியாகச் சேர்த்து, நிரம்பியதும் ஒரு தடவை பளிச்சென்று விட்டுவிடும், அதுதான் மின்னல். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் தீர்ந்தது.

இரண்டாவது, ஒயரிங் செய்தவர் சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருப்பார். இதைக் கண்டுபிடிக்க, சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை ஹோல்டரில் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிரகாசமாக எரிந்தால் அதேதான். பேய் ஒளியைவிட இது ஆபத்தானது. சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் பல்பு மாற்றுகிறவர் கை வைக்கும் ஹோல்டரில் ஃபேஸ் உயிரோடு இருக்கும். உடனே மாற்றச் சொல்லுங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால், ஒரே குழாய்க்குள் நீளமாக ஒட்டிப்போகும் ஒயர்களுக்கு இடையிலான கெபாசிட்டன்ஸ். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 10 மீட்டருக்கு 1 நானோஃபாரட், அதன் வழியே சுமார் 70 மைக்ரோஆம்பியர் போகும். படிக்கட்டு விளக்குக்கு இரண்டு இடத்தில் சுவிட்ச் வைக்கிறார்களே, அங்கே இது ரொம்ப சகஜம். மருந்து, ஹோல்டரில் பல்புக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை (மெயின் லைனுக்குக் குறுக்கே போடுவதற்கென்றே செய்த) கெபாசிட்டர், அதனுடன் தொடராக ஒரு 100 ஓம் ரெசிஸ்டர். ஒயரின் 1 நானோவுக்கு எதிரே 100 நானோ நிற்பதால் பல்புக்கு 2 வோல்ட்தான் மிஞ்சும், அதில் எந்தப் பல்பும் ஒளிராது. எக்ஸ்2 என்று கேட்டு வாங்குங்கள், ஃபேன் கெபாசிட்டர் இருக்கிறது, போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒரு மழை நாளில் எங்கள் தெருவில் பதினோரு வீடுகளில் பல்பு, செட்டாப் பாக்ஸ், ஒரு வீட்டில் டிவி எல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டன. கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனதாக லைன்மேன் சொன்னார். என் வீட்டுப் பல்பு பெட்டியில் "4 கிலோவோல்ட் சர்ஜ் பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. 4,000 வோல்ட் தாங்குவது இதற்கு ஏன் போனது?
– வாசகர், கும்பகோணம்

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான். சர்ஜ் என்பதும் நியூட்ரல் போவதும் இரண்டு வேறு நோய்கள். சர்ஜ் என்பது எங்கோ இடி விழும்போதோ பெரிய மோட்டாரை அணைக்கும்போதோ லைனில் வந்து போகும் முள், மைக்ரோவினாடிக் கணக்கில்தான் நிற்கும். அதை விழுங்க எம்ஓவி என்ற நீல நிற வட்டத் துண்டு ஒன்று போர்டின் வாசலிலேயே இருக்கும். அதன் மேல் 471 என்று இருந்தால் 470 வோல்ட் வரை சும்மா இருந்துவிட்டு, அதைத் தாண்டினால் கடத்தத் தொடங்கி அந்த முள்ளைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் என்று பொருள். குறுகிய அடிதான் என்பதால் தாங்கிவிடுகிறது.

நியூட்ரல் போனால் நடப்பது வேறு. கம்பத்தில் வருவது மூன்று ஃபேஸ். ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட், இரண்டு ஃபேஸுக்கு இடையே 400 வோல்ட். நியூட்ரல் அறுந்த நொடியில், உங்கள் வீடும் வேறு ஃபேஸில் இருக்கும் எதிர் வீடும் அந்த 400 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக மாட்டிக்கொள்கின்றன. எதிர் வீட்டில் ஏசியும் கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்து, உங்கள் வீட்டில் இரண்டு எல்இடி பல்பு மட்டும் எரிந்தால், பங்கு பிரியும்போது உங்களுக்குக் கிட்டத்தட்ட முழு 400 வோல்ட்டும் வந்துவிடும். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழித்தவருக்குத்தான் அடி அதிகம், வேடிக்கை இல்லையா. அந்த 400 வோல்ட்டின் உச்சம் 566 வோல்ட். உள்ளே இருக்கும் கெபாசிட்டர் 400 வோல்ட்டுக்குச் செய்தது, அது உப்பி வெடிக்கும். எம்ஓவியோ ஒவ்வொரு அரைச் சுற்றிலும், நொடிக்கு 100 தடவை, கடத்திக் கடத்திக் கொதித்துப் போய் ஷார்ட் ஆகும். அதற்கு முன்னால் ஃபியூஸோ ஃபியூஸ் போல அறுந்துபோகும் ரெசிஸ்டரோ இருந்தால் அது அறுந்து விஷயம் முடிந்துவிடும். இல்லையென்றால் தீ.

ஆக, எம்ஓவி இருந்தும் போனது என்று வருத்தப்படாதீர்கள், எம்ஓவிக்கு அந்த வேலை தெரியாது. தெருவிளக்கு, தொழிற்சாலை விளக்குகளுக்கு 440 வோல்ட் தாங்கும் என்று போட்ட டிரைவர்கள் நம் சந்தையில் கிடைக்கின்றன, வோல்டேஜ் அளவு மீறினால் வேலையை நிறுத்திவிட்டு, இறங்கியதும் தொடரும் சுற்று அதில் உண்டு. 100 ரூபாய் பல்பில் அதை எதிர்பார்க்க முடியாது. வீட்டுக்கு நான் சொல்வது, மீட்டருக்கு அடுத்து எம்சிபி பெட்டியிலேயே மாட்டும் ஓவர் வோல்டேஜ் கட்-ஆஃப். 270 வோல்ட் போல வைத்துவிட்டால் அதைத் தாண்டும்போது மொத்த வீட்டையும் துண்டித்துவிடும், ஒழுங்கான பிறகு தாமதித்துச் சேர்க்கும். பதினோரு வீட்டுக்காரர்களும் போன பொருளின் விலையைக் கூட்டிப் பார்த்தால் அது மலிவுதான் என்று தெரியும். உங்கள் வீட்டுக்குள் வரும் நியூட்ரல் இணைப்பு துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள். "நியூட்ரல் போனாலும் எரியும்" என்று சொல்லி எர்த்தையும் நியூட்ரலையும் வீட்டுக்குள் இணைத்துக் கொடுக்கும் மேதைகள் சிலர் இருக்கிறார்கள். கிட்டவே சேர்க்காதீர்கள், குளிர்சாதனப் பெட்டியின் உடம்பில் கரண்ட் வரும்.

கேள்வி: 3.2 வோல்ட் 1 வாட் எல்இடிக்குச் சரியாக 3.2 வோல்ட் வைத்து எரித்தேன். முதலில் சரியாக இருந்தது, பத்து நிமிடத்தில் கருகிவிட்டது. மீட்டரில் 3.2க்கு மேல் போகவே இல்லை. கணக்கில் என்ன தப்பு?
– பாலிடெக்னிக் மாணவி, காரைக்குடி

கணக்கில் தப்பில்லை, எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதில்தான் தப்பு. எல்இடி ரெசிஸ்டர் மாதிரி நடந்துகொள்ளாது. 0.3 வோல்ட் கூடினாலே மின்னோட்டம் இரண்டு மடங்கை நெருங்கிவிடும். அதுவும் போகட்டும், சிப் சூடாகும்போது அதற்குத் தேவைப்படும் வோல்டேஜ் ஒவ்வொரு டிகிரிக்கும் 2 முதல் 4 மில்லிவோல்ட் வரை இறங்கும். நீங்கள் 3.2இலேயே பிடித்து வைத்திருக்க, சிப்புக்கு 3.05 போதும் என்று ஆகிவிட, மின்னோட்டம் ஏறும். ஏறினால் சூடு, சூடானால் இன்னும் ஏறும். நீங்கள் மீட்டரை வோல்ட்டில் வைத்திருந்ததால் உள்ளே நடந்த கூத்து தெரியவில்லை, ஆம்பியரில் வைத்திருந்தால் முள் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள்.

நிறுத்தி வைக்க வேண்டியது மின்னோட்டத்தை. இந்த எல்இடிக்கு 350 மில்லிஆம்பியர். கற்றுக்கொள்ள எளிமையானது எல்எம்317 என்ற மூன்று கால் ஐசி. அதன் அவுட்புட் காலுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் போட்டால் அதன் குறுக்கே எப்போதும் 1.25 வோல்ட்டை நிறுத்திக்கொள்ளும். 3.9 ஓம் போட்டால் 320 மில்லிஆம்பியர், ஓம் விதி அவ்வளவுதான். ரெசிஸ்டர் 1 வாட் இருக்கட்டும். 12 வோல்ட்டிலிருந்து ஒரே ஒரு எல்இடி எரித்தால் 2.8 வாட் சும்மா சூடாகவே போகும், எரியும் வாட்டைவிட அது அதிகம். இரண்டைத் தொடராகப் போடுங்கள். மூன்று போட முடியாது, ஐசிக்கும் ரெசிஸ்டருக்கும் சேர்த்து 3 வோல்ட்டுக்கு மேல் மிச்சம் வேண்டும், இருப்பது 2.4தான்.

மூன்று வேண்டும் என்றால் பிடி4115 என்ற எல்இடி டிரைவர் ஐசி வாங்குங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரணமாகக் கிடைக்கும். அது சுவிட்சிங் வகை, 0.1 வோல்ட்டை ரெசிஸ்டரால் வகுத்தால் மின்னோட்டம் வந்துவிடும். 0.3 ஓம் போட்டால் 333 மில்லிஆம்பியர், ஐசி கையில் சுடாது. அப்புறம், எதைச் செய்தாலும் எல்இடியை அலுமினியத் தட்டில் ஒட்டாமல் எரிக்காதீர்கள், 1 வாட் என்பது அந்த அளவு பொருளுக்கு ரொம்பப் பெரிய சூடு.

கேள்வி: லாரிக்கு 24 வோல்ட் பேட்டரி. 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் இரண்டைத் தொடராகச் சேர்த்து கேபின் மேலும் பின்பக்கமும் கட்டினோம். வண்டி நிற்கும்போது நன்றாக எரிகிறது, திருச்சி போய் வருவதற்குள் பின்பக்கம் கட்டிய சின்ன ஸ்ட்ரிப் மட்டும் கருகிவிடுகிறது.
– லாரி உரிமையாளர், நாமக்கல்

"சின்ன ஸ்ட்ரிப்" என்று நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள் அண்ணே. தொடராகச் சேர்த்தால் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். நீளமானதில் அது பல வரிசைகளாகப் பிரிந்து போகும், சின்னதில் குறைவான வரிசைகள்தான், அதனால் ஒவ்வொன்றுக்கும் கூடுதல் பங்கு. சரிபாதியாக 12 – 12 என்று பிரியாமல் சின்னதுக்கு 14, 15 என்று ஏறிவிடும்.

அதோடு ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் 28 வோல்ட் போல விடும். இரண்டும் ஒரே நீளமாக இருந்தாலும் ஆளுக்கு 14. ஸ்ட்ரிப்பில் மூன்று எல்இடிக்கு ஒரு 150 ஓம் ரெசிஸ்டர் என்று எடுத்துக்கொள்வோம். மூன்று எல்இடிக்கு 9.3 வோல்ட் போனால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது, 12 வோல்ட்டில் 2.7, அதாவது 18 மில்லிஆம்பியர். 14 வோல்ட்டில் 4.7, அதாவது 31. ஸ்ட்ரிப் 20க்குச் செய்தது. இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும், ஆனால் ஏறிய இரண்டு வோல்ட்டும் ரெசிஸ்டர் தலையிலேயே விழுவதால் இப்படி.

24 வோல்ட்டுக்கென்றே ஸ்ட்ரிப் கிடைக்கிறது, அதை வாங்கி இணையாகக் கட்டுங்கள். இல்லையென்றால் 24ஐ 12 ஆக இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள். இரண்டிலும் ஃபியூஸ் முதலில், அதன் பிறகு லைனுக்கும் பாடிக்கும் இடையே 33 வோல்ட் டிவிஎஸ் டையோடு ஒன்று. ஏர் ஹாரன், ரிலே எல்லாம் அணையும்போது காயிலிலிருந்து கிளம்பும் முள்ளை அது அமுக்கும். ஃபியூஸ் இல்லாமல் கட்டாதீர்கள், தார்ப்பாய்க்கு அடியில் ஓடும் ஒயர் அது.

கேள்வி: லேத் பட்டறையில் எல்இடி டியூப் மாற்றினோம். மொபைல் கேமராவில் பார்த்தால் கோடு கோடாக ஓடுகிறது. கண்ணுக்குத் தெரியவில்லை. விட்டுவிடலாமா?
– பட்டறை உரிமையாளர், கோவை

வீடாக இருந்தால் தலைவலி வந்தால் மாற்றுங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். லேத் என்றதால் விடக்கூடாது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில், வெளிச்சத்தைச் சமன்செய்யும் கெபாசிட்டர் இல்லாத விளக்கு நொடிக்கு 100 தடவை அணைந்து எரிகிறது. உங்கள் லேத் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் நொடிக்கு 25, அதாவது ஒரு சுற்றுக்கு நான்கு மின்னல். நான்கு ஜா உள்ள சக் ஒவ்வொரு மின்னலுக்கும் சரியாகக் கால் சுற்று நகர்ந்திருக்கும், அதனால் சுற்றாமல் நிற்பது போலவே தெரியும். கொஞ்சம் மெதுவானால் பின்னோக்கி ஊர்வதாகத் தெரியும். பக்கத்து மெஷின் சத்தத்தில் இது ஓடுகிறதா இல்லையா என்று காதுக்கும் தெரியாது, கை நீட்டிவிடுவார்கள்.

உங்களிடம் மூன்று ஃபேஸ் இருக்கும். பழைய ஃபோர்மன்கள் டியூப் லைட் காலத்திலேயே அடுத்தடுத்த விளக்கை வேறு வேறு ஃபேஸில் போடுவார்கள். ஒன்று அணையும்போது மற்ற இரண்டும் எரிவதால் மொத்த வெளிச்சம் கிட்டத்தட்ட நிலையாகிவிடும். இன்றைக்கும் அது வேலை செய்யும். விளக்கை மாற்றுவதாக இருந்தால் வாங்குவதற்கு முன் கடையிலேயே கேமராவைக் காட்டுங்கள், கோடு வராததை எடுங்கள்.

கேள்வி: கரண்ட் போனால் தானே எரியும் இன்வெர்ட்டர் பல்பைக் கையில் பிடித்தாலே எரிகிறதே, ஷாக் அடிக்காதா? சுவிட்சை நாம் அணைத்ததா, கரண்ட் போனதா என்று அதற்கு எப்படித் தெரியும்?
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், சென்னை

பிரமாதமான கேள்வி. கரண்ட் இல்லாதபோது பல்பு தன் இரண்டு முனைகளுக்கு நடுவே மிகச் சின்ன வோல்டேஜ் ஒன்றை விட்டு, அது எங்கேயாவது சுற்றி வருகிறதா என்று பார்க்கும். சுவிட்ச் போட்டிருந்தால் வீட்டில் உள்ள ஃபேன், ஃபிரிட்ஜ் வழியாகச் சுற்றி வந்துவிடும், ஓ, கரண்ட்தான் போயிருக்கிறது என்று உள்ளே இருக்கும் லித்தியம் செல்லைக் கொண்டு எரியத் தொடங்கும். சுவிட்சை நீ அணைத்திருந்தால் பாதை அறுந்திருக்கும், எரியாது. கையில் பிடிக்கும்போது உன் உடம்புதான் ஃபிரிட்ஜ். அந்த வோல்டேஜ் ரொம்பச் சின்னது, அடிக்காது. அதற்காக ஹோல்டரில் இருக்கும்போது விரல் வைத்துப் பார்க்காதே.

கேள்வி: பழைய ஃபேன் ரெகுலேட்டரை எல்இடி பல்புக்கு டிம்மராகப் போடலாமா?
– வாசகர், விருதுநகர்

கூடாது. பெட்டியில் "டிம் செய்யலாம்" என்று போடாத பல்பு அதில் துடிதுடிக்கும், அப்புறம் போகும்.

கேள்வி: அரை வாட் ஜீரோ பல்பு இன்வெர்ட்டரில் எரியும்போது மட்டும் அடிக்கடி போகிறது. மின்வாரியக் கரண்டில் இரண்டு வருஷமாக எரிவதும் உண்டு.
– வாசகி, விழுப்புரம்

உங்கள் இன்வெர்ட்டர் சைன் அலை தருவதில்லை, சதுர அலை வகை என்று நினைக்கிறேன், ஓடும்போது ஃபேன் உறுமுகிறதா என்று கவனியுங்கள். அந்தச் சின்னப் பல்பில் டிரைவர் என்று எதுவும் இல்லை, ஒரு கெபாசிட்டர்தான் மின்னோட்டத்தைத் தடுத்து வைக்கிறது. 0.22 மைக்ரோஃபாரட் என்றால் 50 ஹெர்ட்ஸ் சைன் அலையில் 16 மில்லிஆம்பியர்தான் விடும், கச்சிதமான ஏற்பாடு. ஆனால் வோல்டேஜ் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு மின்னோட்டத்தைக் கெபாசிட்டர் விட்டுவிடும். சதுர அலையில் வோல்டேஜ் மெதுவாக ஏறி இறங்காமல் ஒரே தாவலாகத் தாவுகிறது. 325 வோல்ட் தாவல், தொடரில் இருப்பது ஒரு 100 ஓம் ரெசிஸ்டர் மட்டும் என்றால் அந்தக் கணத்தில் 3 ஆம்பியருக்கு மேல் பாயும், நொடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட தடவை. ரெசிஸ்டர் கருகும், இல்லை எல்இடி. கொஞ்சம் விலை கூடுதலாக, டிரைவர் உள்ள 3 வாட் பல்பு ஒன்றை அந்த இடத்தில் போட்டுவிடுங்கள், மாத மின்கட்டணத்தில் வித்தியாசம் தெரியாது.

கேள்வி: எங்கள் தெருக் கோவில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுகிறோம். கட்டும்போது ஒரு பையனுக்கு ஷாக் அடித்துவிட்டது. எல்இடி என்றால் குறைந்த வோல்டேஜ்தானே?
– விழாக் குழு, தஞ்சாவூர் பக்கத்துக் கிராமம்

ஒரு எல்இடிக்கு 3 வோல்ட்தான். ஆனால் சரத்தை நேராக 230 வோல்ட்டில் சொருகுகிறீர்கள் என்றால் ஒவ்வொரு எல்இடியும் கரண்ட் கம்பியோடுதான் நிற்கிறது, சொருகும் இடத்தில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடையாது. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. தொடர் சரத்தில் ஒரு இடம் அறுந்தால் எல்லாம் அணைந்துவிடும், ஆனால் அறுந்த அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். எரியவில்லையே என்று பையன் அங்கேதான் கை வைத்திருப்பான்.

ப்ளக்கைப் பிடுங்காமல் யாரும் சரத்தைத் தொடக்கூடாது, எரியாத சரமாக இருந்தாலும். பந்தலுக்கு வரும் லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று மாட்டிவிடுங்கள், ஜெனரேட்டர் என்றால் அதன் நியூட்ரலை எர்த் செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள், செய்யாவிட்டால் ஆர்சிசிபி இருந்தும் வேலை செய்யாமல் போகலாம். தோரண வாயிலின் இரும்புக் குழாயில் சரத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டாமல் பிளாஸ்டிக் டேக் போடுங்கள். மழை வந்தால் அணைத்துவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.